வெள்ளைக் குதிரைக்கு வைத்த மை

என் மகள் பென்சில் சீவினால் முனை சரியாக வரும்வரை விடமாட்டாள். பாதிப் பென்சில் குப்பைக்குப் போய்விடும். அப்படிப்பட்டவளுக்குப் பதின்மூன்று வயதில் குதிரைப் பித்து பிடித்தது. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் யாரும் குதிரை ஏறியதில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு லா?" என்று சொந்தங்கள் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை விடிந்தால் சுபாங் ஜெயா பக்கமிருந்த குதிரைச் சவாரி கிளப்புக்குக் காரில் அழைத்துப் போய்விடுவேன்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் தன் தப்புகளை நம்பர் போட்டு எழுதுவாள். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தொண்ணூற்றெட்டு மார்க்கோடு வந்த பிள்ளையிடம் "மிச்சம் ரெண்டு எங்கடி?" என்று கேட்ட மகராசி நான்தான்.

அன்று மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. வேலி தாண்டுவதெல்லாம் இல்லை. நடுவர்கள் முன்னால், சொல்லிவைத்த வரிசைப்படி குதிரையை நடக்க, ஓட, வட்டமடிக்க வைக்க வேண்டும். ஒரு வருஷமாக அதற்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். காலையிலேயே அவளும், கிளப்பில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் அந்த வெள்ளைக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அவர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், அவள் அப்பாவைவிட மூத்தவர்.

மகள் உடை மாற்றப் போனாள். அண்ணன் சேணம் எடுக்கப் போனார். குதிரை பளபளவென்று நின்றது. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இத்தனை கண்ணு பட்டால் விளங்குமா? கைப்பையில் மை டப்பா இருந்தது. குழந்தைக்கு வைப்பதுபோல் குதிரையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். முகத்தில் வார் மாட்டினால் மறைந்துவிடும் என்று நினைப்பு.

கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்தக் குதிரை முகத்தைத் தன் முன்னங்காலில் நன்றாகத் தேய்த்திருந்தது. கன்னமெல்லாம் கறுப்பு, காலெல்லாம் கறுப்பு.

"என்ன அங்கிள் இது? கிரீஸா? ஒரு வேலய ஒழுங்கா செய்யத் தெரியாதா உங்களுக்கு?" எல்லார் முன்னாலும் மகள் கத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். தமிழ் வீட்டு மனுஷனுக்குக் கண்மை தெரியாதா? அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கைப்பை ஜிப்பை இழுத்து மூடினேன்.

"தப்புதான் பாப்பா, கவனிக்கல," என்றார்.

துடைக்கத் துடைக்க மை பரவியது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரமாக உள்ளே போனவள் வட்டமடிக்கும்போது குதிரையைத் தப்பான பக்கம் திருப்பினாள். தப்பு என்று நடுவர்கள் மணி அடித்தார்கள். திரும்பவும் தப்பு. அணியில் இடம் போயிற்று.

சொல்லியிருந்தால் என்ன, கத்தியிருப்பாள், ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டாள். அதற்குப் பயந்து ஒரு நல்ல மனுஷனை மாட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

காரில் நோட்டை எடுத்து எழுதினாள். சிக்னலில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். ஒன்று, வட்டம். இரண்டு, அங்கிளைத் திட்டினேன்.

"மா, காரத் திருப்புங்க. அங்கிள்கிட்ட சாரி சொல்லணும்."

"அடுத்த வாரம் சொல்லிக்கலாம்லா."

"இப்பவே."

அண்ணன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். "சாரி அங்கிள், அப்படிக் கத்தியிருக்கக் கூடாது," என்றாள், அழுதுவிட்டாள். "அட, விடு பாப்பா, இதுக்குப் போயா?" என்று குழாயை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை. எனக்கு நேரம் கொடுத்தார், அவ்வளவுதான். என் நகக்கண்ணில் மை இன்னும் இருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"நேரமாச்சி, போலாமா?" என்றேன்.

காரில் ஏறியதும் அவள் ஸ்கேல் வைத்து இரண்டாவது வரியை அடித்தாள். கீழே மூன்றாவதாக ஒன்று எழுதினாள்: 'உள்ளே போகும்முன் குதிரை முகத்தை நானே ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டும்.'

என் தப்பை அவள் கணக்கில் எழுதிக்கொண்டாள். நான் கியரைப் போட்டுக் காரை எடுத்தேன்.