தோல் உரித்த கம்பவுண்டர்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்க ஆறு மாதத்தில் படித்துவிடலாம். அதை வந்தவருக்கு விளங்கவைக்க ஓர் ஆயுள் போதாது. பாட்டிலைக் குலுக்கி வயிறு வளர்க்கும் சகாக்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உலக யுத்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கும் பருத்தழும்புக்கும் அவர் ஒரு பசை வைத்திருந்தார். முகத்தில் பூசி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து துடைத்துவிட வேண்டும். மூன்று நாளில் மேல்தோல் கறுத்து இறுகும். அப்புறம் சருகுபோல உரியும். பன்னிரண்டு நாள் போனால் அடியில் புதுத்தோல் தெரியும்.

ஒரு வார்த்தை

கருப்பட்டிக் கடை அண்ணாச்சியின் மகள் பாக்கியத்துக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. அதைச் சொல்லியே இரண்டு சம்பந்தம் தட்டிப் போய்விட்டது. மூன்றாவது இடம் கூடிவருகிற நேரத்தில் அண்ணாச்சி அவளை அழைத்து வந்திருந்தார். இதுவும் தட்டிப் போனால் அப்புறம் யார் வருவார்கள் என்பது அவர் கவலை. டாக்டர் இங்கிலீஷில் எழுதியதை நான் தமிழாக்கினேன்: "அண்ணாச்சி, ஒங்க மக தோலை உரிச்சிரணும்."

நம் ஊரில் அந்த வாக்கியத்தைப் போலீஸ்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும்தான் சொல்வார்கள். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முதலில் உரிந்திருப்பது என் தோல். பாக்கியம் பெஞ்சை விட்டு அசையாமல் சொன்னாள்: "யப்பா, அவுக வையல, வைத்தியம் சொல்லுதாக. சட்டையை விடுங்க."

உடம்பு பூராவும்

சேதி பரவி, ஓர் உப்பளக் கங்காணி வந்து சேர்ந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றினார். உடம்பு பூராவும் பூசி வெள்ளையாக்க வேண்டுமாம். அவ்வளவு மருந்து பூசினால் ரத்தத்தில் இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்றேன். அதோடு இது வெள்ளையடிக்கிற சரக்கும் இல்லை. மேலே படிந்த கறை குறையும். பிறவி நிறம் அப்படியேதான் இருக்கும். உரிகிறதைக் கையால் பிய்த்தால் வடு விழும். வெயிலில் நின்றால் கறை திரும்பி வந்துவிடும்.

கங்காணி பொறுமையாகக் கேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "வெயிலு திருப்பிக் குடுத்திரும்னா, நீரு எதுக்குவே அதை எடுக்கீரு?" என்றார்.

இருபதாம் தேதி

பாக்கியத்துக்கும் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பசை பூசுமுன் ஞாபகமாகக் கேட்டேன், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க என்றைக்கு வருகிறார்கள் என்று. "வார இருபதாந் தேதி," என்றார் அண்ணாச்சி. அன்று செப்டம்பர் முதல் தேதி. மனத்துக்குள் பத்தொன்பது நாள் எண்ணி, வாயால் "தாராளம்" என்று மட்டும் சொன்னேன். நான் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன்; எங்கள் வீட்டில் தேதி என்றால் இங்கிலீஷ் தேதி. அண்ணாச்சி வீட்டில் அப்போது ஆவணி நடந்துகொண்டிருந்தது. ஆவணி இருபது என்பது செப்டம்பர் ஐந்து.

ஐந்தாம் தேதி காலையில் மூச்சிரைக்க வந்து நின்றார். "பிள்ளை முகம் கருப்பட்டிப் பாகு காஞ்ச மாதிரி கெடக்கு. பாதி உரிஞ்சு தொங்குது." அதனால் என்ன, இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "கம்பவுண்டர், இன்னைக்குத்தான் இருபது."

பெண் பார்க்க வந்தார்கள்

வாஸ்லின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடினேன். தடவலாம், வேறொன்றும் செய்ய முடியாது. பவுடர் போடலாமா என்று தாய் கேட்டாள். எரியும் என்று பாக்கியம் மறுத்துவிட்டாள். அதற்குள் வந்துவிட்டார்கள். நான் கருப்பட்டிச் சிப்பங்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே!

மாப்பிள்ளையின் தாய் நேராகவே கேட்டாள்: "பிள்ளைக்கு மொகத்துல என்ன?"

"மங்குக்கு மருந்து போட்டோம், அத்தை. கம்பவுண்டர் இங்கிலீசு தேதின்னு நெனச்சு நாளைத் தப்பா எண்ணிட்டாக. இது உரிஞ்சிரும். ஆனா மங்கு கொஞ்சம் நிக்கும், வெயில்பட்டாத் திரும்பியும் வரும். பாத்துக்கிட்டே சொல்லுங்க," என்றாள் பாக்கியம். என் மருந்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட நோயாளி அதற்கு முன் யாருமில்லை. வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

மாப்பிள்ளைக்குச் சொந்த உப்பளம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர். அவர் தன் மூக்கைத் தடவினார்; நுனியில் தோல் தோலாக நின்றது. "எனக்குச் சித்திரையிலேருந்து உரியுது, ஒரு கம்பவுண்டரும் பாக்கல. நாளைக் குறிங்க மாமா. அந்தக் கம்பவுண்டருக்கு மட்டும் இங்கிலீசு தேதியிலயும் சொல்லிருங்க."

அன்று முதல், பசையைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது வந்தவர் முகத்தை அல்ல, சுவரில் நானே வாங்கி மாட்டிய தமிழ்க் காலண்டரை.