மடியில் இருந்த கதிர்

ஸெலி கைம்பெண், மூன்று பிள்ளைகள். அறுத்த வயலில் சிதறிக் கிடக்கும் கோதுமைக் கதிரைப் பொறுக்கினால்தான் பனிக்காலத்தில் அந்த வீட்டில் ரொட்டி. பிரான்ஸின் பிரி சமவெளியில் ஏழைப் பெண்களுக்கு இருந்த ஒரே பாத்தியதை அது. அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கதிர்க்கட்டு ஏற்றிய கடைசி வண்டி வெளியேறி, ஊர்க்காவலர் முரசு தட்டும்வரை ஒரு கதிர்கூட மடியில் இருக்கக் கூடாது. இருந்தால் திருட்டு. அப்புறம் அந்த அறுப்பு முழுக்க எந்த வயலிலும் கால் வைக்க முடியாது.

அன்று பார்த்து, பண்ணை முதலாளியின் விருந்தாளியான பாரிஸ் ஓவியர் அவளை வயலோரம் நிறுத்திப் படம் வரைந்துகொண்டிருந்தார். முதலாளியே சொல்லி அனுப்பியிருந்ததால் அவளால் மறுக்க முடியவில்லை. மேற்கே மேகம் கறுத்தது. மற்ற பெண்கள் வாய்க்காலோரம் காத்து நின்றார்கள்.

"ஐயா, முரசு தட்டப் போறாங்க. என்னை விட்டுருங்க."

"கொஞ்சம் பொறும்மா. மடி வெறிச்சுன்னு இருக்கு, பார்க்க நல்லால்ல."

பக்கத்தில் கிடந்த கதிர்க்கட்டு ஒன்றிலிருந்து ஒரு கை கதிரை உருவி அவள் மடியில் திணித்தார்.

"வேணாங்க ஐயா, யாராவது பார்த்தா என் பொழப்பே போயிடும்."

"படத்துக்குத்தானே. எங்க, சிரி."

"என்ன ஸெலி, மகாராணி ஆயிட்டியா? நாற்காலி கொண்டாரவா?" என்று வாய்க்காலோரத்திலிருந்து ஒனோரின் சீண்டினாள். சட்டென்று அவள் வாயை மூடிக்கொண்டாள். காவலர் கியோம் வந்துகொண்டிருந்தார்.

"மடியில என்ன?"

"நான்தான்பா போட்டேன்," என்றார் ஓவியர், தூரிகையைப் படத்திலிருந்து எடுக்காமல்.

"வயல் உங்களுதாங்களா?"

ஓவியர் சிரித்தார். கியோம் சிரிக்கவில்லை.

"எல்லாரும் பார்த்துட்டாங்க, ஸெலி. உன்னை விட்டா நாளைக்கு ஆளாளுக்கு மடி நிரப்புவாங்க. வீட்டுக்குப் போ."

"அண்ணே, புள்ளைங்க இருக்குண்ணே."

கியோம் முரசைத் தட்டினார். பெண்கள் குனிந்தபடி வயலுக்குள் ஓடினார்கள். ஒனோரின் திரும்பிப் பார்க்கவில்லை. ஓவியர் கெட்டவர் இல்லை, ஒன்றும் விளங்காதவர். ஸெலிக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். மழை வருகிறதென்று, முகம் இன்னும் வரையாத படத்தோடு அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தப் பனிக்காலம் பிள்ளைகள் தவிட்டுக் கஞ்சி குடித்தன. பண்ணை வீட்டில் தரை துடைக்கப் போன ஸெலி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். நிறைந்த மடியோடு அவளே அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நிம்மதியா இருக்கே பாரு," என்றாள் எஜமானி.

"அந்த மடிக் கதிருக்குத்தாங்க என்னை வயல்லேர்ந்து விரட்டினாங்க."

"முகத்துல அப்படி ஒண்ணும் தெரியலையே."

ஸெலி துணியைப் பிழிந்தாள்.

"முகத்தை அவரு பாரிஸுக்குப் போய்த்தான் வரைஞ்சாருங்க."