மதுரைக்குப் போகவேண்டிய ஹெட்போன்

1. பார்சல்

பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, மேலே ஒட்டியிருந்த முகவரியை மறுபடி படித்ததுதான். என் பெயர் சரி. கள்ளக்குறிச்சி, எங்கள் ஸ்டுடியோவின் விலாசம், எல்லாம் சரி. உள்ளே இருந்த பொருள்தான் என்னுடையது இல்லை.

நான் ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது யாரோ பயன்படுத்திய சாதாரணக் கறுப்பு ஹெட்போன். வேலை முடிந்து தியாகதுருகம் பஸ்ஸில் நின்றுகொண்டே, டவர் போய்ப் போய் வர, கடைசி நேரத்தில் பிடித்த ஏலம் அது. வந்திருந்ததோ சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல வெல்வெட் உறை போட்ட, காதையே வீட்டுக்குள் உட்கார வைப்பதுபோன்ற ஒரு பெரிய செட்டு. அதை நான் யூடியூப் விமர்சனங்களில் மட்டும் பார்த்திருந்தேன். பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்கள் மாட்டுவது. கல்யாண வீடியோ வெட்டுகிறவளுக்கு அதில் ஒரு பக்க உறை வாங்கக்கூட மனசு வராது.

எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பழம் தின்று கொட்டை போட்டவள் இல்லை. ஆனால் இந்த ஒரு வாரத்தில் கற்றதை வேறு எங்கும் கற்கவில்லை.

எங்கள் கடை ஹெட்போனில் இடது காது செத்து வெகுநாள் ஆகியிருந்தது. முதலாளி சாதிக் பாயிடம் சொன்னால், "வலது கேக்குதுல்ல? அது போதும்மா. கல்யாண வீடியோல எவன் சத்தத்த கேக்கறான்? பாட்டு தான போடறோம்" என்பார். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தொழிலில் கேமராவில் பதிவான சத்தத்தை மியூட் செய்த பிறகுதான் வேலையே தொடங்கும். முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், மீதிக்கெல்லாம் சினிமாப் பாட்டு. அந்த வீட்டில் உண்மையில் யார் என்ன பேசினார்கள் என்பது வெட்டுகிறவருக்கே தெரியாது.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கல்வராயன்மலையிலிருந்து, வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து, பெரியசாமி என்பவர் வந்தார். அவருடைய மகள் கல்யாணத்தை எங்கள் கேமராமேன்தான் எடுத்திருந்தார். பெரியசாமியோடு அவருடைய தங்கை சின்னப்பொண்ணும் வந்திருந்தார். மணப்பெண்ணுக்கு அத்தை. நாற்பது வயதிருக்கும், பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கே ஊர்ப்பெயர் சொல்லிக் கொடுக்கிற மாதிரியான ஆள். ஆனால் அன்றைக்குப் பேச்சையெல்லாம் அண்ணனிடமே விட்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் பக்கத்தில் நலங்கு வைக்கும்போது பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவார்களாம். ஒரு பக்கம் பதில் இல்லாமல் நிற்கும்வரை நடக்கும்.

"எங்க தங்கச்சி பாடிச்சு. மாப்ள வூட்டு மாமன் ஒருத்தன் எதிர்ப்பாட்டு பாடினான். அதுக்கும் தங்கச்சி பதில் பாடிச்சு. அந்த நேரம் பாத்து ஸ்பீக்கர்காரன் சத்தத்த ஜாஸ்தி வெச்சிட்டான், ஒருத்தருக்கும் கேக்கல" என்றார் பெரியசாமி. "இப்ப அவங்க ஜெயிச்சிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம எங்க வூட்ல விருந்து. ரெண்டு ஊரும் உக்காந்து வீடியோ பாக்கும். அந்தப் பதில் அதுல வந்தாகணும்."

ஸ்பீக்கர் சத்தத்துக்கு அடியில் இருப்பதைத் தோண்டி எடுக்க முடியாது என்று பாய் சொல்லிப் பார்த்தார். "அதான் அவரே சொல்றாரே, விடுண்ணா" என்றார் சின்னப்பொண்ணு. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் கொண்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டேன். சின்னப்பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் பாய் சொன்னார்: "நீயே சொன்ன, நீயே செய். வரலன்னா மலைக்கு நீயே போய் சொல்லிட்டு வா." அன்று மாலை பஸ்ஸில்தான் அந்த ஏலம்.

2. ரிட்டர்ன் கிடையாது மேடம்

பார்சல் வந்தது செவ்வாய்க்கிழமை. விற்றவர் சென்னைக்காரர். பழைய ஸ்டுடியோ சாமான்களை வாங்கி விற்கிறவர். 'தப்பான பொருள் வந்திருக்கு' என்று செய்தி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: 'யூஸ்டு ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது மேடம்.'

நான் ஏலம் எடுத்ததைவிட நல்ல பொருள் வந்திருக்கிறது என்று விளக்கினேன். இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன் என்றார். பணம் வேண்டாம், உங்கள் பொருளைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அதற்கும் ரிட்டர்ன் கிடையாது என்றே பதில். தப்பாக வந்தது என்று சொல்கிற எல்லோருக்கும் அனுப்ப ஒரே பதிலை எழுதி வைத்திருந்தார் போலிருக்கிறது. கடைசியில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"மேடம், அத கீழ வெச்சிடுங்க. மெதுவா" என்றார்.

மதுரையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரருக்குப் போகவேண்டியதாம். இரண்டு பார்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கர் ஒட்டியதில் மாறிவிட்டது. மதுரைக்காரர் பெட்டியைத் திறந்து என் கறுப்பு ஹெட்போனைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாராம். இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்று விற்றவர் கெஞ்சினார்.

அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு வேறு ஹெட்போன் வராது. மலையில் இரண்டு ஊர் காத்திருக்கிறது. நடந்ததை அப்படியே சொன்னேன். பாட்டுப் போட்டி என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதுரையிடம் பேசிவிட்டு மறுபடி கூப்பிட்டார். சனிக்கிழமை மாலை கூரியரில் போட்டால் போதும், ஆனால் ஒரு நிபந்தனை.

"தலைக்கு எண்ணெ வெச்சிக்கினு மட்டும் மாட்டாதீங்க மேடம். வெல்வெட்டு."

அந்த வாரம் முழுக்க எண்ணெய் வைக்காமல் வேலைக்குப் போனேன். யாருக்காக இந்தக் கோலம் என்று அம்மா கேட்டதற்கு, மதுரைக்காரருக்காக என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதை விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

3. இடது பக்கம்

அந்த ஹெட்போன் ஒயர் முனையிலிருந்த ஜாக் தடிமனாக இருந்தது, எங்கள் கம்ப்யூட்டரில் நுழையவில்லை. பக்கத்து சவுண்ட் சர்வீஸ் கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்து மாட்டினேன். நலங்கு கிளிப்பை எடுத்து மியூட்டைத் தூக்கினேன்.

வலது பக்கத்தில் வழக்கம்போல ஸ்பீக்கர் அலறியது. இடது பக்கத்தில் ஒரு ஊரே இருந்தது. வளையல் சத்தம், சந்தனக் கிண்ணத்தைத் தட்டும் சத்தம், யாரோ ஒரு பெண் "தள்ளி உக்காருடி" என்பது. அதற்கு நடுவில், தெளிவாக, சின்னப்பொண்ணுவின் குரல்.

"மாப்ள வூட்டு சோத்துல கல்லு
மாமியா வாயில ஒத்தப் பல்லு"

காரணம் ரொம்பச் சின்னது. கேமராமேன் நின்ற இடத்துக்கு இடப்பக்கம் நலங்குப் பாயும் பாடுகிறவர்களும், வலப்பக்கம் மரத்தில் கட்டிய ஸ்பீக்கர். இடது காது செத்த ஹெட்போனோடு நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது மரத்தை. எடிட்டிங் திரையில் இடது, வலது என்று இரண்டு சேனலும் தனித்தனியாகக் கண் முன்னால்தான் ஓடின. பார்த்தேன், யோசிக்கவில்லை.

அடுத்து ஒரு ஆண் குரல், சாவகாசமாக:

"ஒத்தப் பல்லு ஆனது எப்போ
ஒங்க வூட்டு உருண்ட தின்னப்போ
மிச்சப் பல்லு வேணுமுன்னாக்கா
உருண்டக்குள்ள தேடிப் பாரக்கா"

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. சிரிப்பு அடங்கியது. இப்போது வரவேண்டும் சின்னப்பொண்ணுவின் பதில். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தது. பாட்டாக இல்லை. "அய்யய்யோ, இதுக்கு இன்னாத்த பாடறது" என்று ஒரு முணுமுணுப்பு. பிறகு கொஞ்சம் உரக்க, யாரையோ பார்த்து: "ஏம்பா ஸ்பீக்கரு, பாட்ட ஜாஸ்தி வை."

அதோடு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

என்னைத் திரும்பிப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

4. போன் ஸ்பீக்கர்

என்ன செய்வதென்று தெரியாதபோது நான் வேலையைத்தான் செய்வேன். பதில் இருக்கிறதோ இல்லையோ, பாட்டு கேட்கவேண்டும். இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் ஸ்பீக்கர் கொஞ்சம் அடக்கமாக, நடுவில் வளையல் என்று அந்தச் சாம்பல் ஹெட்போனில் பார்த்துப் பார்த்து மிக்ஸ் செய்தேன். நலங்குப் பாயில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெருமையோடு ஹெட்போனைச் சாதிக் பாய்க்கு மாட்டிவிட்டேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, வீடியோவைத் தன் போனில் ஏற்றி, போன் ஸ்பீக்கரிலேயே போட்டார்.

ஒற்றை ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து கொழகொழவென்று வந்தது. பாட்டு காணாமல் போயிருந்தது.

"காதுல மாட்டினா தான் கேக்கும்னா, ரெண்டு ஊரும் உன் ஹெட்போனுக்கு வரிசையில நிக்குமா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விடை கையிலேயே இருந்தது. வலது சேனலை மொத்தமாகத் தூக்கி எறிந்தேன். இடதை எடுத்து இரண்டு பக்கமும் வைத்தேன். வளையலின் அழகெல்லாம் போயிற்று. ஆனால் போனில், கடை டிவியில், எதில் போட்டாலும் சின்னப்பொண்ணுவின் பாட்டு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. மாமனின் பாட்டும் கேட்டது. முணுமுணுப்பும் கேட்டது.

அதைக் கேட்டுவிட்டுப் பாய் தாடியைச் சொறிந்தார். வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வெட்டினால் அங்கே ஓட்டை தெரியும், வெட்டாவிட்டால் அந்த அம்மா மானம் போகும், எதுவானாலும் அந்த அம்மாவைக் கேட்டுச் செய் என்றார்.

5. பதில்

சனிக்கிழமை வீடியோவை வாங்கிப்போகச் சின்னப்பொண்ணு தனியாகத்தான் கடைக்குள் வந்தார். அண்ணன் விருந்துக்கு மளிகை வாங்கப் போயிருந்தார். உட்காரும்போதே கேட்டார், "கேக்கலல்ல?"

ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டேன். தன் பாட்டுக்குச் சிரித்தார். மாமன் பாட்டுக்கு உதட்டைக் கடித்தார். முணுமுணுப்பு வந்த இடத்தில் கண்ணைப் பெரிதாக்கி, ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இம்மாம் சன்னமாவா பேசனேன்? இதக்கூடவா புடிக்கும் இந்த செட்டு?"

பிடிக்கும் என்றேன். அண்ணனிடம் பதில் பாடினேன் என்று ஒரு வார்த்தை சொன்னதாகவும், அதை அவர் மலை முழுக்கக் கொண்டுபோய்விட்டதாகவும் சொன்னார். வேண்டுமானால் அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்றேன். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அன்னிக்கி தான் வரல. மக்கா நாளே வந்துடிச்சி. களை எடுத்துக்கினு இருந்தேன், தானா வந்துடிச்சி. யாராண்ட பாடறது?" என்றார்.

என்னிடம் பாடுங்கள் என்றேன். நலங்குக்கு நடுவில் செருகிவிடவா என்று பாய் கேட்டார். டப்பிங் என்றால் அவருக்கு உற்சாகம். சின்னப்பொண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. "அது திருட்டு. கடைசீல போடுங்க. இப்ப பாடனதுன்னு நானே சொல்லிட்டு பாடறேன்."

கடை கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றச் சொன்னதற்கு, இருக்கட்டும், கெத்தாக இருக்கிறது என்றார். மதுரைக்காரரின் வெல்வெட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து, "ஸ்பீக்கர ஜாஸ்தி வெக்கச் சொன்னது நான் தான். இது இப்ப பாடறது" என்று சொல்லிவிட்டுப் பாடினார்:

"உருண்டக்குள்ள தேடிப் பாத்தோம்
ஒத்தப் பல்லும் அங்க இல்ல
பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கே
பல்ல இளிச்சுத் தொலச்சீங்கல்ல"

பாய் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். அப்படியே வீடியோவின் கடைசியில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். முணுமுணுப்பையும் எடுக்கவில்லை. அவரே எடுக்கவேண்டாம் என்றார்.

அவர் தலையில் நல்ல வேளையாக எண்ணெய் இல்லை, பூ மட்டும்தான். வெல்வெட்டில் ஒட்டியிருந்த மல்லி இதழைத் தட்டிவிட்டு, பெட்டியில் வைத்து மாலையே கூரியரில் போட்டேன். கொடுக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் போட்டபோது எனக்குத்தான் வலித்தது. விற்றவர் போன் செய்து நன்றி சொன்னார். ரிவ்யூ எழுதும்போது மட்டும் நல்ல பொருள் மாறி வந்தது என்று எழுதிவிடாதீர்கள், அதை எதிர்பார்த்தே ஆர்டர் போடுவார்கள் என்றார். என் கறுப்பு ஹெட்போன் மதுரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கறுப்பு ஹெட்போன்தான். அந்தப் பாட்டைப் பிடிக்க உயர்ந்த சரக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, வேலை செய்கிற இரண்டு காது போதுமாயிருந்தது. புதிதாக வருகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். காலையில் உட்கார்ந்ததும் இடது, வலது இரண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும், பார்க்கப்போகிறவர் எதில் பார்ப்பாரோ அதிலேயே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள்.

திங்கட்கிழமை கடை திறந்தபோது ஷட்டருக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் வாயைத் திறந்ததுமே அந்தச் சாவகாசமான குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"பதில் பாட்டு ஏத்தறது இங்க தானாமா?" என்றார் மாமன். "நேத்து வீடியோல அந்தக்கா காதுல மாட்டிக்கினு இருந்துச்சே, பெரிய செட்டு, அது எனக்கும் வேணும்."

அது மதுரைக்குப் போய்விட்டது என்று சொல்லி, கடையின் பழைய ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒரு பக்கம் கேட்கவில்லையே என்றார்.

பாடுகிறவருக்கு ஒரு காது போதும் என்றேன். கேட்கிற எனக்குத்தான் இரண்டும் வேண்டும்.