எலுமிச்சம்பழம் மிதித்த சப்பாத்து

காலை எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு என் இடது சப்பாத்தின் அடித்தட்டு கழன்று விழுந்தது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, திட்டத்தைவிட மூன்று நிமிடம் பின்தங்கிவிட்டோம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன் சொன்னது, சப்பாத்து வாங்கும்போது முதலில் அடித்தட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க வந்துட்டீங்க. அது வரலை."

கொடிமலைக்குப் போகும் ஜீப் சாலையில், எனக்கு மூன்றடி பின்னால், அடித்தட்டு தனியாகக் கிடந்தது. கையில் எடுத்தேன். ஓரம் ஊறிய ரொட்டிபோல உதிர்ந்தது.

நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறியதற்குக் காரணம் ஒரு ஃபாரம். மகளுக்குப் பத்தொன்பது வயது. கெலுகோரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த மாதம் தோழிகளோடு சபா மாநிலத்துக்குப் போய் கினாபாலு மலை ஏறப்போவதாகச் சொன்னாள். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். என் மனைவி உடனே பேனாவை எடுத்தாள். நான் ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் சரியான சப்பாத்து வாங்குவோம் என்றுதான் சொன்னேன்.

சப்பாத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். இரண்டு வாரம் காணொளி பார்த்தேன். கடைக்கு மாலையில்தான் போக வேண்டும், ஏனென்றால் பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துப்போகும். குதிகால் உள்ளே தூக்கக்கூடாது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மகளை ஒரே மாலையில் மூன்று கடைகளுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது கடையில் நடந்து பார்க்கச் சாய்வுப் பலகை இல்லை என்பதால் அவளைக் கடை மாடிப்படியில் ஆறு முறை ஏறி இறங்க வைத்தேன். கடைக்காரச் சீனப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அங்கிள், மலை ஏறப்போறது அவளா, நீங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

இருப்பதிலேயே உறுதியான தோல் சப்பாத்தை வாங்கினேன். கால் வீக்கத்துக்கும் காலுறைக்கும் சேர்த்து ஓர் அளவு கூடுதலாகவே எடுத்தேன். மகள் அதை இரண்டு நாள் போட்டாள். குதிகாலில் இரண்டு கொப்புளம் வந்தது. மூன்றாம் நாள், வாளியும் மண்வெட்டியும் விற்கும் இரும்புக்கடைக்குப் போய், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை வாங்கி வந்தாள். விலை பத்து வெள்ளிகூட இருக்காது.

"இதுல போய் மலை ஏறுவியா?"

"மலையில வேலை செய்றவங்க எல்லாம் இதைத்தான் போடுறாங்கப்பா. வழுக்காதுலா."

ஆகவே ஒரு பரீட்சை வைத்தேன். அடிவாரத்துப் பூந்தோட்ட வாசலிலிருந்து கொடிமலை உச்சி வரை இருவரும் ஏறுவது. அவள் தன்னுடையதைப் போடுவாள், நான் என்னுடையதை. உச்சியில் அவள் கால் நன்றாக இருந்தால் அங்கேயே கையெழுத்து. ஃபாரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு என் முதுகுப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் வழுக்கி விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. லேசாக வழுக்கினால் போதும் என்று நினைத்தேன்.

என்னுடைய சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அலுவலக நண்பர்கள் மலையேறலாம் என்று கிளம்பியபோது வாங்கியது. அன்று காலை வானம் கொஞ்சம் கறுத்திருந்ததால் நான் போகவில்லை. வாங்கிய அன்று, புதுக் காருக்குச் செய்வதுபோல வாசலில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து, சப்பாத்தோடு மிதித்து நசுக்கினேன். அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. "அப்பா, இதுக்கு ரோடு டேக்ஸ் கட்டணுமா?" என்று கேட்டாள். பிறகு துடைத்து, நாளிதழ் திணித்து, பூச்சி உருண்டை போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் மேல் வைத்தேன். நல்ல சாமானை நாங்கள் அப்படித்தான் காப்பாற்றுவோம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டுக்கு இன்னும் உறை இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சப்பாத்தை இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றுவேன். அந்த ஆறு வருடத்தில் அது மிதித்தது அந்த இரண்டு எலுமிச்சம்பழத்தைத்தான்.

போடாமல் பெட்டியில் மூடிவைத்தால் இந்த ஊர் ஈரத்துக்கு அடித்தட்டு உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துபோகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சப்பாத்தை எப்படி வாங்குவது என்றுதான் இரண்டு வாரமும் பார்த்தேன். வாங்கியதைப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மகள் தன் தலைமுடி ரப்பரைக் கழற்றி அடித்தட்டைக் கட்டினாள். பன்னிரண்டு அடிதான் தாங்கியது. எட்டு முப்பத்தொன்றுக்கு வலதும் கழன்றது. குனிந்து எடுப்பதற்குள் ஒரு குரங்கு வந்து அதைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறியது. ஒரு கடி கடித்தது. என்னைப் பார்த்தது. பிறகு பள்ளத்தில் எறிந்தது.

"குரங்குக்கே பிடிக்கலை," என்றாள் மகள். சிரிப்பை அடக்குவதற்காக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கொஞ்சம் மேலே ஒரு தேநீர்க் கொட்டகை இருந்தது. தினமும் ஏறுகிற சீனப் பெரியவர்கள் அங்கே சுடுதண்ணீர் கொதிக்க வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் இலவசமாகத் தேநீர் கொடுப்பார்கள். சப்பாத்தின் மேல்தோலும் காலுறையுமாக அங்கே போய் உட்கார்ந்தேன். இடுப்பில் ரேடியோ தொங்கவிட்டிருந்த எழுபது வயது ஆன்ட்டி ஒருத்தி, பிளாஸ்டிக் சிலிப்பரில் மேலேயிருந்து இறங்கி வந்தாள். என் காலைப் பார்த்துவிட்டு, என் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா காரோட கீழ தண்ணீர்மலை முருகன் கோயில்லதானே இருப்பாங்க," என்றாள் மகள். "நான் கீழ போய் உங்களுக்குச் சிலிப்பர் வாங்கிட்டு வாரேன். நீங்க இங்கயே இருங்க."

"தனியாவா?"

"அப்பா, இது தார் ரோடு. பாட்டி வயசு ஆளுங்க எல்லாம் ரேடியோ கேட்டுக்கிட்டுப் போறாங்க."

வேறு வழி இல்லை. என் விசிலைக் கொடுத்தேன். பிளாஸ்திரி கொடுத்தேன். காலை எட்டே முக்கால் மணிக்கு டார்ச் விளக்கும் கொடுத்தேன். அவள் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வாள் என்று என் கைப்பேசியையும் கொடுத்தேன். அவள் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான், இனி அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது.

கணக்குப் போட்டேன். இறங்க முக்கால் மணி, கோயிலில் பத்து நிமிடம், ஏற ஒரு மணி. பத்தே முக்காலுக்குள் வந்துவிட வேண்டும்.

பத்தே முக்காலுக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. சாலை முழுக்க ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் நான் பாம்பைப் பார்த்தேன். விழுந்த மரத்தைப் பார்த்தேன். அந்த ரப்பர் சப்பாத்து பாசியில் வழுக்கி, அவள் பள்ளத்தில், அந்தக் குரங்கு எறிந்த அடித்தட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தேன். அவளைத் தனியாகக் கீழே அனுப்பியவன் நான். அவள் பத்திரமாக வந்துவிட்டால் இனி எந்த மலைக்கும் அனுப்புவதில்லை என்று, கீழே இருக்கும் முருகனிடமே வேண்டிக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு மேல்தோலையும் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு இறங்க ஆரம்பித்தேன். வாங்கும்போது கம்பளிக் காலுறை வழுக்காது என்று சொன்னார்கள். இரண்டாவது வளைவில் சறுக்கி, சாலை நடுவில் உட்கார்ந்தேன். ரேடியோ ஆன்ட்டி அதற்குள் பூந்தோட்டம் வரை போய் மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்போது கீழேயிருந்து, டக், டக் என்று, கனமான ஒரு நடைச் சத்தம் வந்தது.

வந்தது என் மனைவி. பட்டுச் சேலை, தலையில் மல்லிகை, நெற்றியில் திருநீறு, காலில் நான் மகளுக்கு வாங்கிய தோல் சப்பாத்து. மகள் மனம் மாறினால் போடட்டும் என்று நான்தான் அதைக் காரில் வைத்திருந்தேன். பின்னால் மகள், ரப்பர் சப்பாத்தில், கோயிலில் கொடுத்த வடையைத் தின்றுகொண்டு வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"எங்கே போனீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"அம்மா கைப்பேசி கார்ல, கோயில்ல தேடவே நேரமாச்சு," என்றாள் மகள். "உங்க பேர்ல அர்ச்சனைக்கு வரிசையில நின்னாங்க. பாதியில வரமாட்டேன்னுட்டாங்க. முடிச்சு வெளிய வந்தா அம்மா சிலிப்பரை யாரோ போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

மனைவி என் முன்னால் நின்று, ஒரு காலைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள்.

"என்னங்க, இது கடிக்கவே இல்லை. குதிகால் தூக்கலை, விரலுக்கு முன்னால நீங்க சொன்ன மாதிரி இடமும் இருக்கு. இப்படி நல்லாப் பார்த்து வாங்குற ஆளு, உங்களுக்கு ஏன் இந்தக் கதி?"

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய ரோஜா நிறச் சிலிப்பர் தெரிந்தது. நான் கையை நீட்டினேன். அவள் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"முதல்ல ஃபாரத்தை எடுங்க," என்றாள். "பேனா என்கிட்ட இருக்கு. கையெழுத்துப் போட்டாத்தான் சிலிப்பர். எலுமிச்சம்பழம் மிதிக்கணும்னா கீழ போய் வாங்கிக்கலாம்."