அத்தான் வைத்த வட்டங்கள்

அக்காவின் வீட்டுக்காரருக்கு எந்தத் தொழிலும் ஒட்டவில்லை. தண்ணீர் வடிகட்டி விற்றார். வாங்கின வீடுகளின் பக்கம் அப்புறம் தலைகாட்ட முடியவில்லை. செல்போன் கடை போட்டார், ஈ ஓட்டினார். பிறகு ஏதோ ஓட்டல் அறையில் சனி, ஞாயிறு நடந்த கப்பிங் பயிற்சிக்குப் போனார். திங்கட்கிழமை வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். அத்தான் வைத்தியர் ஆகிவிட்டார்.

கப்பிங் என்றால் முதுகில் கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிடுவது. தோல் மேலே எழும்பும். தசைப்பிடிப்பு கொஞ்சம் தளரும் என்பார்கள். கிண்ணத்தை எடுத்த இடம் வட்டமாகக் கன்றிப்போய் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். சிலர் தோலைக் கீறி ரத்தத்தையும் இழுப்பார்கள். நான் வரவேற்பில் உட்காரும் பிசியோதெரபி நிலையத்திலும் கிண்ணம் வைக்கிறார்கள், கீறல் மட்டும் கிடையாது. அங்குள்ள மேடம் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் ஆளைக் குடைந்து எடுத்துவிடுவார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, ரத்தசோகை உண்டா, கர்ப்பமா, தோலில் புண் இருக்கிறதா? கிண்ணம் முதுகில் இருப்பது ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. கொப்புளம் கிளம்பினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அவருடைய டாக்டரைக் கேட்காமல் கிட்டேயே போகமாட்டார்.

அத்தான் இதில் ஒன்றையும் கேட்பதில்லை. "போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்பார். மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தைக் காட்டுவதுபோல இவர் செல்போனில் முதுகுகளைக் காட்டுவார். "பாத்தியா, எவ்ளோ கறுப்பு! அத்தனையும் கழிவு." கழிவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தோலுக்கடியில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம். இன்னும் கறுக்கட்டும் என்று கிண்ணத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற மேதை அவர்.

அவருடைய கண் என் அப்பாவின் முதுகில் விழுந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அகலமான முதுகு, தீராத வலி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. "அப்பா மேல கைய வெக்காதீங்க அத்தான். அவர் சாப்பிடற மாத்திரைக்கு ரத்தம் நிக்காது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"நீ போன் எடுக்கற பொண்ணு. உனக்கென்ன தெரியும்?" என்றார்.

அப்பாவிடமும் சொன்னேன். "மாப்பிள்ளை ஆசையா கூப்பிடறாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிம்மா முடியாதுங்கறது?" மாப்பிள்ளையின் முகம் கோணக்கூடாதாம், தன் உயிர் போனாலும் பரவாயில்லையாம். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து அத்தான் அப்பாவைக் கூட்டிப்போய்விட்டார். அதே செல்போன் கடையின் பின்பக்கம் திரைக்குப் பின்னால், மூடிப்போன அழகு நிலையத்திலிருந்து வாங்கின கட்டில். அதில் அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, வரிசையாகக் கீறிக் கிண்ணம் வைத்தார். ரத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மூளை உள்ளவன் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து ஆம்புலன்சைக் கூப்பிடுவான். இவரோ, "கெட்ட ரத்தம் நிறைய இருக்கு மாமா, எல்லாம் வந்துரட்டும்" என்று சொல்லி, கிண்ணத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்து, வீடியோ எடுத்திருக்கிறார். அக்கா ஏதோ வேலையாகக் கடைக்கு வந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. அவள்தான் துண்டை வைத்து அழுத்தி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் முதுகுக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் பண்ணது இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "கீழ விழுந்துட்டேன் சார்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அத்தான், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதற்கும் துப்பில்லை.

"விழுந்தா இப்படி வரிசையா வருமா சார்?" என்றார் ரோஷத்தோடு. "அளவெடுத்து நான் வெச்சது."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிடறார்னு கேட்டீங்களா?"

"அவரு சொல்லவே இல்லையே சார். தப்பு அவர் மேலதான்."

அப்பா சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி அத்தானைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆள வெளிய போகச் சொல்லுங்க சார்" என்றார்.