சின்னமனூர் மெயின் ரோட்டுப் பழைய பேங்க்

சின்னமனூரில் எங்கள் பேங்க் இருந்த கட்டடத்தை யாரும் வழி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினாலே கண்ணில் படும். ஏலக்காயில் சம்பாதித்த ஒரு வியாபாரி, கீழே சரக்குக் கிட்டங்கியும் மேலே வீடுமாகக் கட்டியது. முகப்பில் மூன்று வளைவுகள், அவற்றுக்கு மேல் பச்சைக் கண்ணாடி பதித்த அரைவட்ட ஜன்னல்கள், கட்டிப்பிடித்தால் கைகள் சேராத அளவுக்குப் பருத்த தூண்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்து சரக்கு நனைந்துவிடக் கூடாதென்று தரையை ஆள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். அதனால் தெருவிலிருந்து செங்குத்தாகக் கல்படிகள். அவர் காலத்துக்குப் பிறகு பேங்க் வாடகைக்கு வந்தது. மூட்டை அடுக்கிய இருட்டறை பெட்டக அறை ஆனது.

சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் அரைத்துக் கட்டிய சுவர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இருக்கலாம். அது என் தலையிலும் கீபோர்டிலும் பொடியாக உதிர்ந்ததுதான் எனக்குத் தெரியும். ஆடிச் சாரலுக்கு மாடி ஒழுகும், வாளி வைப்போம். பெண்களுக்கான கழிப்பறை பின்கட்டைத் தாண்டி, மதிலோரம் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு மழையில் குடை பிடித்துக்கொண்டு அங்கே போய் வந்திருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போக அல்லிநகரம் பஸ்ஸில் உட்காரும்போது, படி ஏறி இறங்கிய முழங்கால் இரண்டும் தனியாக வலிக்கும்.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். படி ஏற முடியாதவர்கள் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு நான்தான் இறங்கிப் போவேன். ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற ஓர் அம்மா, கூப்பிட்டால் நான் வருவேன் என்று தெரியாமல், தானே ஏறினார். மேல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். “பாஸ்புக்கு நனையுது, எடுத்து உள்ள வையி ஆத்தா” என்றார்.

அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் இடம் மாற்ற முடிவெடுத்தார்கள். தேனி ரோட்டில் ஒரு புதுக் கட்டடம் பார்த்தார்கள். செய்தி பரவியதும் ஊர் கொந்தளித்தது. பேங்க் போய்விட்டால் கட்டடத்தை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள் என்ற பயம். எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர், பேங்க் போகக் கூடாதென்று மனு எழுதி, முன்னால் நின்று கையெழுத்து வாங்கினார். நல்ல மனிதர், அந்த முகப்பைப் பார்த்தபடியே கடை திறந்து கடை சாத்தியவர். அங்கே ரொம்ப நாள் வேலை பார்த்தவள் என்பதால் என் கையெழுத்தும் வேண்டுமென்று வந்தார்.

“நம்ம ஊருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் மேடம்” என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. “நீங்க எதிர்த்தாப்புல இருந்து பாக்குறீக அண்ணே. கொஞ்சம் உள்ள வாங்க” என்று கூட்டிப்போனேன். வாளிகளைக் காட்டினேன். பின்கட்டுக்கு வெளியே மதிலோரம் வரை நடக்கவைத்தேன். அவர் அந்தத் தகரக் கதவைப் பார்த்தார். “இங்கனயா, இத்தன வருசமா?” என்று மட்டும் கேட்டார். மனுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் விட்டுவிடவில்லை. பேங்க் போகட்டும், கட்டடத்தை இடிக்காதீர்கள் என்று மனுவை மாற்றி எழுதிக் கொடுத்தார். வியாபாரியின் வாரிசுகள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். விற்கலாம் என்கிறார் ஒருவர். வேண்டாம் என்கிறார் இன்னொருவர். நாங்கள் காலி செய்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. பச்சைக் கண்ணாடிகளில் சில உடைந்து, புறாக்கள் உள்ளே போய் வருகின்றன.

புது இடத்தில் படியே கிடையாது, சரிவான பாதை. ஏசி உண்டு, கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். முதல் நாள், எதையோ சுமந்து வந்து இறக்கி வைத்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த நவம்பரில் அந்த அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானாகவே உள்ளே வந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த விரல், மெஷின் எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

“அந்தக் கட்டடத்த இடிச்சுப்பிட்டாகளா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, பூட்டிக் கெடக்கு.”

“அங்கன நல்லா காத்து வரும்” என்றார்.

விழுந்து எழுந்த மனுஷியே இப்படிச் சொல்கிறாரே என்று முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. சித்திரை வெயிலிலும் அந்தக் கூடம் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆமாம்மா என்றேன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. துடைத்தும் மெஷினில் ரேகை விழவில்லை, அவரை அடுத்த விரலை வைக்கச் சொன்னேன்.