எனக்கும் துடக்காம்

இன்று காலை, கம்பஸ் சோதனைக்கு முன் கந்தசுவாமி கோயிலுக்குப் போக சைக்கிளை எடுத்தேன். இணுவிலில் நான் மூன்று வருடமாகத் தங்கியிருக்கும் வீட்டின் அன்ரி, கேற்றை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீ கோயிலுக்குப் போகக்கூடாது."

ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று இங்கே சிலர் என் முகத்துக்கு நேரே இளக்காரமாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்ரி ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் ஏன் போகக்கூடாது?" கத்தியே விட்டேன்.

"கனடாவிலை என்ரை மச்சான் செத்து ஒரு கிழமைதானே? முப்பத்தொரு நாளுக்கு வீடு துடக்கெல்லோ!"

"அது உங்க குடும்பத்துத் தீட்டு அன்ரி. நான் போடிங் பிள்ளைதானே?"

"விசரி! மூண்டு வருசமா என்ரை உலைச் சோறுதானே தின்னுறாய்? என்ரை பிள்ளையளும் இஞ்சை இல்லை. நீயும் போனால், ஆர் என்னோடை துடக்குக் காக்கிறது? சைக்கிளை உள்ளுக்கு விடு!"

விட்டேன்.

அம்மாவுக்கு அழைத்து, துடக்கு என்பதால் இன்னும் மூன்று கிழமைக்கு மேல் எனக்குக் கோயில் இல்லை என்றேன்.

"ஐயோ, நமக்கு யாருடி செத்தது?"

கனடாவில் இறந்தவர் எனக்கு என்ன முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா இன்னும் லைனில் நிற்கிறார்.